மாடசாமி வழிமொழிகிறார்

நெய்வேலியில் ஒவ்வொருத்தர் ஒவ்வொரு விதமாகப் பேர் வாங்கினார்கள். நிலக்கரிச் சுரங்கத்தின் பெல்ட் செக்ஷன் மாடசாமி பேர் வாங்கியது ஒரே ஒரு வார்த்தையால். ‘வழிமொழிகிறேன்’ என்பதுதான் அந்த வார்த்தை. தொழிற்சங்கத்தின் எந்தக் கூட்டத்திலும் அதற்கு முன்னால் ஒரு வார்த்தை, பின்னால் ஒரு வார்த்தை அவர் பேசியது கிடையாது. பேசுங்கள் என்று யாரும் கேட்டதும் கிடையாது.

ஒரு கட்சியைச் சேர்ந்த அந்தச் சங்கத்தின் பொதுக்குழு எழுபதுகளில் தவறாமல் வருஷத்துக்கு ஒரு தடவை கூடியது. நிர்வாகத்தோடு பேசுகிற ஒர்க்ஸ் கமிட்டிக்குத் தேர்தல் வருகிறது, அதில் நம் சங்கத்தின் சார்பில் யாரை நிறுத்துவது என்று உறுப்பினர்கள் கூடி முடிவெடுப்பார்களாம். அந்தப் பகுதியில் வேறு சங்கத்துக்கு ஆளே இல்லை. இவர்கள் ஒரு விளக்குக் கம்பத்தை நிறுத்தினாலும் ஜெயித்துவிடும். அதனால் வெளியே நடந்த தேர்தல் வெறும் பேச்சு, உள்ளே நடந்த தேர்வுதான் நிஜத் தேர்தல். அந்த நிஜத் தேர்தலின் லட்சணத்தையும் கேளுங்கள்.

முன் வரிசையில் செயலாளர் வெள்ளைச்சாமி டெரிகாட்டன் சட்டையும் கரைத்துண்டுமாக உட்கார்ந்திருப்பார். சுரங்கத்தில் அவருக்கு ஃபிட்டர் வேலை. ஸ்பானரைக் கடைசியாக எப்போது கையில் எடுத்தார் என்று அவருக்கே ஞாபகம் இருக்காது. கேட்டால் சங்க வேலை என்பார். சிங்காரவேல் என்றொரு ஆள், அவருக்கு வலதுகை. அவர் எழுந்து, ‘அண்ணன் வெள்ளைச்சாமி அவர்களை முன்மொழிகிறேன்’ என்று சொல்லிவிட்டு உட்காருவார். இரும்பு நாற்காலி கிரீச்சென்று கத்தும். அந்தச் சத்தம் கேட்டதும் மாடசாமி எழுந்து நிற்பார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, ‘வழிமொழிகிறேன்’ என்பார். உடனே கைதட்டல். வேறு பெயர் உண்டா என்று ஒருவர் கேட்பார், கேட்கும்போதே போண்டாத் தட்டு உள்ளே வந்துவிடும். ஒருமனதாகத் தேர்வு என்று மினிட்ஸில் எழுதிக்கொள்வார்கள். எல்லார் மனமும் போண்டாவில் ஒன்றாக இருந்ததால் அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது.

ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று கத்திக் கத்தி மாடசாமியின் குரல் தடித்துப் போயிருந்தது. மைக் வேண்டாம், கடைசி வரிசைக்கும் கேட்கும். அந்தக் குரலுக்காகத்தான் வெள்ளைச்சாமி அவரைப் பிடித்துப் போட்டிருந்தார். மாடசாமியோ அதைத் தன் செல்வாக்கு என்று நினைத்துக்கொண்டார். சந்தையில் குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்து காய் விற்கும் மாணிக்கம்மாள்கூட விலையைச் சொல்லிவிட்டு, “என்னாங்க, வழிமொழியறீங்களா?” என்று கேட்பாள். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். இவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, பேரம் பேச மறந்து வாங்கிக்கொண்டு வருவார். ஊரே தன்னை அறிந்து வைத்திருக்கிறது என்று அவருக்கு உள்ளூரப் பெருமை வேறு.

மனுஷன் கெட்டவர் இல்லை. கெட்டவனாக இருப்பதற்கும் கொஞ்சம் முதுகெலும்பு வேண்டுமே. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டில் மழை பொய்த்துப்போன ஒரு வருஷத்தில் ரயிலேறி வந்து, கலாசியாகச் சேர்ந்து, பெல்ட் ஆபரேட்டராகி, குவார்ட்டர்ஸ் வாங்கி, ஒரே பெண்ணைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்தவர். யாரிடமும் சண்டை கிடையாது. யாரைக் கண்டாலும் ‘ஆமாங்க’ என்பார். எதிர்ப்பக்கத்தில் நிற்பவரைக் கண்டாலும் அதே ‘ஆமாங்க’ தான். இதற்கு டவுன்ஷிப்பில் நல்ல மனுஷன் என்று பெயர்.

ஆனால் அந்த ‘வழிமொழிகிறேன்’ சும்மா வந்ததில்லை. அதற்குப் பின்னால் கருணாகரன் இருந்தான்.

கருணாகரன் மாடசாமியின் மனைவி தமயந்திக்குத் தம்பி. அத்தான் சங்கத்தில் பெரிய ஆள், வேலை வாங்கித் தந்துவிடுவார் என்று ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினவன். வந்தவன் காண்ட்ராக்ட் கூலியாகவே நின்றுவிட்டான். பெல்ட்டிலிருந்து சிந்துகிற கரியையும் சேற்றையும் அடியில் குனிந்து அள்ளிப் போடுகிற வேலை. மேலே கூண்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் பார்த்துக்கொள்பவர் அத்தான், கீழே முட்டிக்கால் சேற்றில் மண்வெட்டியோடு நிற்பவன் மச்சினன். அத்தானுக்கு பூட்ஸ் உண்டு, பஸ் உண்டு, கேன்டீனில் உட்கார நாற்காலி உண்டு. மச்சினனுக்கு எதுவும் இல்லை. காண்ட்ராக்ட் ஆட்கள் கேன்டீனுக்குள் வரக்கூடாது. பின்பக்க ஜன்னல் வழியே தட்டை நீட்டுவார்கள், வாங்கி வெயிலில் நின்று தின்ன வேண்டும். ஒரே வீட்டு இட்லியைக் காலையில் தின்றுவிட்டுப் போன இருவரும் மத்தியானம் ஜன்னலுக்கு உள்ளேயும் வெளியேயுமாகப் பார்த்துக்கொள்வார்கள். மாடசாமி சீக்கிரம் கைகழுவப் போய்விடுவார்.

பொதுக்குழுவுக்கு முன்னால் ஒவ்வொரு வருஷமும் வெள்ளைச்சாமி அவர் தோளில் கையைப் போட்டு, பர்மனென்ட் ஆக்கும் அடுத்த பேட்ச்சில் நம்ம கருணாகரன்தான் முதல் ஆள் என்பார். அந்தச் சந்தோஷத்தில் மாடசாமி வீட்டுக்கு வரும்போதே மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வருவார். தமயந்தி அதை வாங்கி வைத்துக்கொள்வாள், ஆனால் வாயை மூடிக்கொள்ள மாட்டாள்.

“அந்த ஆளு சொல்ற அடுத்த பேட்ச் வாரதுக்குள்ள என் தம்பிக்குப் பல்லு விழுந்துரும். நீங்க பாட்டுக்கு எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருங்க.”

அவர் லெகோ கரி அடுப்பை விசிறப் போய்விடுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த சங்கத்தில் ராயப்பன் வந்து சேர்ந்தான். எமர்ஜென்சி எல்லாம் முடிந்து கொஞ்ச நாள் ஆகியிருந்த சமயம். ராயப்பன் அக்கம்பக்கத்து ஊர்க்காரன். அவன் பிறந்த ஊர் இப்போது சுரங்கத்துக்குள்ளே இருக்கிறது, அதாவது இல்லை. அவன் அப்பனும் பாட்டனும் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். நிலம் இருந்தவனுக்குப் போன நிலத்துக்கு ஏதோ கிடைத்தது. நிலமே இல்லாதவனுக்கு எதைக் கொடுப்பது, அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை. ராயப்பன் காண்ட்ராக்டில் மண் அள்ளி, காண்ட்ராக்டர் மேல் வழக்குப் போட்டு, கோர்ட்டுப் படியேறி இறங்கி ஒருவழியாகப் பர்மனென்ட் ஆனான். ஆனவன் மற்ற எல்லாரையும் போல பூட்ஸை மாட்டிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். அவன் நேராகச் சங்கத்துக்கு வந்து, காண்ட்ராக்ட் ஆட்களையும் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும், கேன்டீன் ஜன்னலை ஆணி அடித்து மூட வேண்டும், இதற்காக இந்தத் தடவை நான் நிற்கப் போகிறேன் என்றான்.

அடேயப்பா, டவுன்ஷிப்பில் என்ன கொதிப்பு! திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு, வெளியாளுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார்கள். அவன் பாட்டனைப் புதைத்த இடத்தில் இவர்கள் முருங்கைமரம் வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், ஆனாலும் சங்கத்தில் அவன்தான் வெளியாள். அவன் பேச்சைக் கேட்டீர்களா, ‘வந்துகினு போய்கினு’ என்கிறான், அதிகாரியிடம் போய் இப்படியா பேசுவான் என்று கேலி செய்தார்கள். வெள்ளைச்சாமி மட்டும் என்ன வெள்ளைக்கார துரையிடமா இலக்கணம் படித்தார்? அவர் அதிகாரிகளிடம் பேசிய ஒரே வார்த்தை ‘சரிங்க சார்’.

காண்ட்ராக்ட் ஆட்களுக்கு ஓட்டு கிடையாது. அவர்கள் தலையெழுத்தைப் பர்மனென்ட் ஆட்கள் போண்டா தின்றுகொண்டே எழுத வேண்டும். கருணாகரன் வேலை முடிந்ததும் ராயப்பனோடு சுற்ற ஆரம்பித்தான். ராயப்பன் ஜெயித்தால் தன்னைப் போன்றவர்கள் சங்கத்துக்குள் நுழையலாம், அங்கேயிருந்து பர்மனென்ட் கேட்கலாம் என்று அவன் முழுக்க நம்பினான். மாடசாமிக்கு வேறொரு கவலை. அடுத்த பேட்ச்சில் முதல் ஆள் இப்படிச் சுற்றினால் வெள்ளைச்சாமி என்ன நினைப்பார்?

வெள்ளைச்சாமி ஒன்றும் நினைக்கவில்லை. அவர் கையில் விதி இருந்தது. ஒருவன் பேரைப் பொதுக்குழு எடுத்துக்கொள்ள வேண்டுமானால் முன்மொழிய ஒரு பழைய உறுப்பினர், வழிமொழிய இன்னொரு பழைய உறுப்பினர் வேண்டும். ராயப்பனை முன்மொழிய எலக்ட்ரீஷியன் துரைராஜ் முன்வந்தார். அவர் எல்லாரிடமும் சண்டை போட்டு முடித்து, இனி இழக்க ஒரு சிநேகிதன்கூட மிச்சமில்லாத மனுஷர். வழிமொழியத்தான் ஒருத்தரும் கிடைக்கவில்லை. ஒருவருக்குக் குவார்ட்டர்ஸ் மாற்றம் நின்றுவிடுமாம், இன்னொருவருக்குப் பிரமோஷன் வருகிறதாம், வேறொருவருக்கு மாமனார் சீரியஸாம். வெள்ளைச்சாமி எல்லாரையும் முன்கூட்டியே பார்த்துப் பேசியிருந்தார்.

ஒரு சாயங்காலம் ராயப்பன் மாடசாமி வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றான். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

“நீங்க சொன்னாப் போதுங்க. ஜெயிக்கிறது தோக்கிறது அப்புறம். சபையில எம் பேரு ஒரு வாட்டி உழணும், அவ்ளோதான். உங்க மச்சான்தான் சேத்துல நின்னுகினு இருக்காரு, அதான் உங்கக்கிட்ட வந்தேன்.”

மாடசாமி வயிற்றைத் தடவிக்கொண்டு, இரண்டு நாளாக வாயுத் தொந்தரவு என்றார். பிறகு அந்த வாயுவைக் கவனிக்க உள்ளே போய்விட்டார். தமயந்தி வாசலில் நின்று ராயப்பன் சைக்கிளில் ஏறிப் போவதைப் பார்த்தாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் மோர் வேண்டுமா என்றுகூட யாரும் அவரைக் கேட்கவில்லை.

பொதுக்குழு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முந்தின ராத்திரி மாடசாமிக்கு நைட் ஷிப்ட். காலையில் மாற்றுவதற்கு வர வேண்டிய ஆள் வரவில்லை, அந்த ஷிப்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. பஸ்ஸிலிருந்து நேராகக் கூட்டத்துக்கு வந்து, கரித்தூள் முகத்தை ஒரு சொம்புத் தண்ணீரில் கழுவிக்கொண்டு தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். வெள்ளைச்சாமி வந்து தோளில் கையைப் போட்டு அடுத்த பேட்ச்சைப் பற்றிச் சொன்னார். மாடசாமி மலர்ந்தார்.

ஜன்னல்களுக்கு வெளியே காண்ட்ராக்ட் ஆட்கள் அடைசலாக நின்றார்கள். ஜன்னலில் நின்று பார்ப்பது அவர்களுக்குப் பழக்கம்தானே. கருணாகரன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அந்த வருஷம் கட்சியின் தலைமைக் கழகம் சென்னையிலிருந்து பரமசிவம் என்று ஒரு பார்வையாளரை அனுப்பியிருந்தது. கண்ணாடி போட்ட, வெற்றிலை போடாத, கறாரான மனுஷர். விதிகளை முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார். இந்தச் சங்கத்துக்கு இத்தனை விதிகள் இருப்பது அன்றைக்குத்தான் பலருக்குத் தெரியும். மேலே காற்றாடி சுற்றியது. மாடசாமிக்குக் கண் திறந்தபடியே தூக்கம் வந்தது. பெல்ட் கூண்டில் அப்படித் தூங்கப் பழகியிருந்தார்.

முதலில் விருப்பம் தெரிவித்தவர் ராயப்பன், ஆகவே அவர் பெயரை முதலில் எடுத்துக்கொள்கிறேன் என்றார் பரமசிவம். அந்தச் சங்கத்தின் வரலாற்றிலேயே வெள்ளைச்சாமிக்கு முன்னால் இன்னொரு பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. துரைராஜ் எழுந்து ராயப்பனை முன்மொழிந்துவிட்டு உட்கார்ந்தார். நாற்காலி கிரீச்சென்றது.

மாடசாமி எழுந்து நின்றார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

“வழிமொழிகிறேன்.”

கடைசி வரிசைக்கும், ஜன்னலுக்கு வெளியேயும் கேட்டது. அவர் வழக்கம்போல் கைதட்டலுக்காகக் காத்து நின்றார். கைதட்டல் வரவில்லை. அப்போதுதான் அவருக்கு விழிப்பு வந்தது. முன் வரிசை மொத்தமும் திரும்பி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிங்காரவேல் பாதி எழுந்தவர் பாதியிலேயே நின்றார். வெள்ளைச்சாமி முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த நிமிஷம் ஜன்னல் பக்கம் விசில் பறந்தது.

இத்தனை வருஷத்தில் அவர் காது ஒரு தடவையாவது பெயரைக் கேட்டிருந்தால்தானே? நாற்காலிச் சத்தத்துக்கு எழுந்து பழகிய உடம்பு, சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டது. வேறு ஒன்றுமில்லை. ஆனால் ராயப்பன் வீடு தேடி வந்ததும், இவர் ஒப்புக்கொள்ளாததும் பாதிக் கூட்டத்துக்குத் தெரியும். அட, மனுஷன் உள்ளே வைத்துக்கொண்டு வெளியே வாயு என்றிருக்கிறார், என்ன அழுத்தம் என்று அவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

வெள்ளைச்சாமி சமாளித்துக்கொண்டு எழுந்தார். சிரிப்பை வரவழைத்துக்கொண்டார்.

“பார்வையாளர் ஐயா, இத நீங்க கணக்குல எடுத்துக்க வேண்டாம். மாடசாமி சொல்றதுக்கு என்னைக்குமே அர்த்தம் கிடையாது. நாற்காலி கத்துனா அவரும் கத்துவாரு. இத்தன வருசமா அப்படித்தான். வேணும்னா சபையக் கேளுங்க.”

சபை சிரித்தது. இடிச்சிரிப்பு. பெல்ட் செக்ஷன் ஆட்களே முன்னால் இருந்தவர் முதுகைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். பரமசிவம் மட்டும் சிரிக்கவில்லை. மாடசாமியைப் பார்த்து, நினைவோடுதான் சொன்னீர்களா, இல்லை விலக்கிக்கொள்கிறீர்களா, எதுவானாலும் இப்போதே சொல்லுங்கள் என்றார்.

மாடசாமிக்குக் காது மடல் எரிந்தது. வெள்ளைச்சாமி சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை, அதுதான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. செல்வாக்கு, பேர், அந்தத் தோளில் போட்ட கை எல்லாம் இவ்வளவுதானா? அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். கருணாகரன் சிரிக்கவில்லை. அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. தன் அத்தானை அவன் இப்படி ஒரு பெருமையோடு பார்த்ததே இல்லை.

“நினைவோடதான் சொன்னேன்” என்றார் மாடசாமி.

சிரிப்பு பட்டென்று நின்றது. கூட்டத்தில் அவர் சொந்தமாகப் பேசிய முதல் வாக்கியம் அது. இந்த இடத்தோடு கதையை முடித்துவிட்டால் மனுஷனுக்கு ஒரு மாலை போட்டு அனுப்பிவிடலாம். என்ன செய்வது, அவர் அதற்குப் பிறகும் அந்தக் கட்டடத்தில்தான் இருந்தார்.

சிங்காரவேல் வெள்ளைச்சாமியை முன்மொழிந்தார், அவசரமாகப் பிடித்து நிறுத்திய ஒருவர் கீச்சுக் குரலில் வழிமொழிந்தார். இரண்டு பெயர் ஆகிவிட்டது. கை தூக்கிப் பார்த்துவிடலாம் என்றார் வெள்ளைச்சாமி. பரமசிவம் சம்மதிக்கவில்லை. ஆளுக்கொரு துண்டுச் சீட்டு, மூலையில் பீரோவுக்குப் பின்னால் ஒரு பென்சில், எழுதி மடித்துக் காலி பிஸ்கட் டின்னில் போட வேண்டும். யார் யாருக்குப் போட்டார் என்று கடவுளுக்கும் தெரியாது என்றார். ஒவ்வொருவராகப் போனார்கள், வந்தார்கள்.

மாடசாமி முறை வந்தது. பீரோவுக்குப் பின்னால் போனார். அங்கே ஜன்னல் இல்லை, கருணாகரன் முகம் இல்லை. ஒரு சுவர், ஒரு பென்சில், அவர். பயம் வந்து பிடித்துக்கொண்டது. ராயப்பன் எப்படியும் தோற்கப் போகிறவன். ஜெயிக்கிறவர் வெள்ளைச்சாமி. நாளைக்கு அவர் முகத்தில் எப்படி விழிப்பது? கருணாகரன் வேலை என்ன ஆகும்? அப்போது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அவர் வாழ்நாளில் அவருக்கே அவருக்கென்று தோன்றிய ஒரே யோசனை. வெளியே ராயப்பனை வழிமொழிந்த பேர் இருக்கட்டும், சீட்டில் வெள்ளைச்சாமி பேர் இருக்கட்டும். நாளைக் காலையில் தனியாகப் போய், அண்ணாச்சி, ஓட்டு உங்களுக்குத்தான் என்று காதில் போட்டுவிட்டால் வேலையும் தப்பும், மானமும் தப்பும். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்! அவருக்கே தன்னை நினைத்து மெச்சிக்கொள்ளத் தோன்றியது. வெள்ளைச்சாமி என்று தெளிவாக எழுதி, நாலாக மடித்துப் போட்டுவிட்டு வந்தார்.

பரமசிவம் சீட்டுகளைப் பிரித்து இரண்டு பக்கமாக வைத்துக்கொண்டே வந்தார். இரண்டு குவியலும் சேர்ந்தே வளர்ந்தன. முன் வரிசையில் துண்டால் முகம் துடைத்துக்கொண்டார்கள். வாயால் ராயப்பனைக் கேலி செய்தவர்கள், மாமனார் சீரியஸ் என்றவர்கள், குவார்ட்டர்ஸ் மாற்றத்துக்குக் காத்திருந்தவர்கள் எல்லாம் பீரோவுக்குப் பின்னால் போய் ராயப்பன் பேரை எழுதியிருந்தார்கள். வாயைத் திறக்கப் பயந்த கூட்டம் பென்சிலுக்குப் பயப்படவில்லை. மாடசாமி ஒருத்தர்தான் தலைகீழ்.

கடைசிச் சீட்டைப் பிரித்து வைத்துவிட்டு, பரமசிவம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டாம் முறையும் எண்ணினார். பிறகு, ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் தோழர் வெள்ளைச்சாமி தேர்வு என்று அறிவித்தார்.

மாடசாமி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு சீட்டில் பேர் மாறியிருந்தால் வித்தியாசம் அந்தப் பக்கம் போயிருக்கும். அந்தக் கணக்குப் போட அவருக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை.

வெளியே வந்தவரைக் காண்ட்ராக்ட் ஆட்கள் தூக்கிக்கொண்டார்கள். யாரோ செம்பருத்தியைக் கோத்து வைத்திருந்தார்கள், அது ராயப்பனுக்கு என்று கட்டியது, அவன் அதை வாங்கி இவர் கழுத்தில் போட்டான். தோற்றாலும் பரவாயில்லைங்க, நீங்க ஒருத்தர் எழுந்து நின்னீங்களே அதுதான் எனக்கு ஜெயிப்பு என்றான். வீட்டுக்குப் போனால் தமயந்தி வாசலிலேயே காத்திருந்தாள். செய்தி அவருக்கு முன்னால் போய்விட்டிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து குத்திக் காட்டியே பழகிய அந்தப் பெண், அன்றைக்குத் தட்டில் இருந்த ஒரே முட்டையை அவருக்கு வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள்.

“உங்கள எத்தன பேசியிருக்கேன். மனசுல வச்சுக்காதீங்க” என்றாள்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சொல்லிவிடலாம் என்று தொண்டை வரைக்கும் வந்தது. முட்டையோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

மறுநாள் போட்டுவைத்த திட்டப்படி வெள்ளைச்சாமி வீட்டுக்குப் போனார். பின்கட்டில் வேட்டி காயப் போட்டுக்கொண்டிருந்த வெள்ளைச்சாமி திரும்பியே பார்க்கவில்லை. மாடசாமி குரலைத் தாழ்த்தி, தன் ஓட்டு அண்ணாச்சிக்குத்தான் விழுந்தது, குலதெய்வத்துக்கு முன்னால் சத்தியம் செய்வேன் என்றார். வெள்ளைச்சாமி அப்போதுதான் திரும்பினார்.

“நேத்துலேர்ந்து இதே பாட்டுத்தான். வாரவன் பூராவும் எனக்குத்தான் போட்டேங்கறான். அப்போ ராயப்பனுக்குப் போட்டது ஆவியா? போமய்யா. உம்ம வார்த்தைய நான் என்னைக்கு எடுத்துக்கிட்டேன், இன்னைக்கு எடுத்துக்கிறதுக்கு?”

மாடசாமி உண்மையைச் சொல்லியும் நம்ப ஆளில்லாமல் திரும்பி வந்தார். அந்த வாரமே காண்ட்ராக்டரின் மேஸ்திரி கேட்டில் நின்று கருணாகரனைத் தடுத்துவிட்டான். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றான். காரணம் கேட்டதற்கு மேலே கேள் என்று கையைக் காட்டினான். மேலே யார் என்று எல்லாருக்கும் தெரியும். அடுத்த பேட்ச்சின் முதல் ஆளுக்கு மண்வெட்டியும் போயிற்று. டவுன்ஷிப்பைச் சுற்றி எந்தக் காண்ட்ராக்டரும் அவனைச் சேர்க்கவில்லை. ராயப்பன் வடலூர் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விசாரித்துப் பார்த்தான், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஊருக்கே போகிறேன், தீப்பெட்டி ஆபீஸில் ஏதாவது பார்க்கிறேன் என்று கருணாகரன் அதே தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டான்.

வழியனுப்ப பஸ் ஸ்டாண்டில் ஒரு கூட்டமே வந்திருந்தது. ராயப்பன், துரைராஜ், கூடச் சேற்றில் நின்ற ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். எல்லாரும் மாடசாமியைச் சுற்றித்தான் நின்றார்கள். பெட்டியைத் தூக்க விடவில்லை, டீயை அவருக்குத்தான் முதலில் கொடுத்தார்கள். அவர் கருணாகரனின் முகத்தைப் பார்க்காமல் விருத்தாசலம் பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கருணாகரன் குனிந்து அவர் காலைத் தொட்டான். அவர் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார்.

“எனக்கு வருத்தமே இல்ல அத்தான். நீங்க எனக்காக அத்தன பேருக்கு முன்னால நின்னீங்க, அது போதும். ஆனா நம்மகிட்ட சிரிச்சுக்கிட்டே உள்ள போய் அந்த ஆளு பேர எழுதினவன் ஒருத்தன் இருக்கான் பாருங்க. ஒரே ஒரு ஓட்டு, ஒரே ஒருத்தன். அவன் யாருன்னு மட்டும் தெரிஞ்சா, செருப்பால அடிச்சுட்டுத்தான் பஸ் ஏறுவேன்.”

“அடிக்கணும்” என்றாள் தமயந்தி. “அவன் திங்கிற சோத்துல மண்ணு விழ.”

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. பஸ் வந்து நின்றது, கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு அவசரப்படுத்தினான். பிரிகிற நேரத்தில் எல்லார் முகமும் வாடிக் கிடந்தது. அதைக் கொஞ்சம் மாற்றலாம் என்று துரைராஜ் மாடசாமியின் தோளைத் தட்டினார். தமயந்தியும் மச்சானும் தீர்மானம் போட்டுவிட்டார்கள், இனி நீர்தான் பாக்கி, எங்கே, சொல்லும் என்றார்.

எல்லாரும் சிரித்தபடி அவர் வாயையே பார்த்தார்கள். கருணாகரன் படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பி நின்றான். தமயந்தியும் சிரித்தாள்.

மாடசாமி சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

“வழிமொழிகிறேன்” என்றார்.

அந்தத் தடித்த குரல் பஸ் ஸ்டாண்டின் மறுகோடி வரைக்கும் கேட்டது. இந்தத் தடவை எல்லாரும் கை தட்டினார்கள்.